துறவி தந்த பட்டியல்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரின் மடமொன்றில் மரின் மெர்சென் (1588–1648) என்னும் துறவி வாழ்ந்தார். பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர். அச்சபைப் பெயரின் பொருளே 'மிகச் சிறியோர்' என்பது. இறைச்சியும் முட்டையும் பாலும் விலக்கி நோன்பிருந்த அவரது அறைக்குத் தெக்கார்த், ஃபெர்மா முதலிய அறிஞரின் மடல்கள் வந்து குவிந்தன. அறிவியல் இதழ்கள் தோன்றியிராத அந்நாளில், ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவிக்கும் பணியை அவர் ஏற்றிருந்தார்.

அவரை ஈர்த்தவற்றுள் ஒன்று பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் என்று நாம் பள்ளியில் படித்ததுதான். மூன்று 2-களைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 7. அது பகா எண். ஐந்து 2-கள் எனில் 31, அதுவும் அவ்வாறே. பதினோரு 2-களை எடுத்தாலோ 2047 வருகிறது; அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கமாகி நம்மை ஏமாற்றிவிடுகிறது. இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தருமென யூக்ளிட் முன்னரே நிறுவியிருந்தார். தன்னை வகுக்கும் சிறிய எண்களின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாவது நிறைவெண். 1, 2, 3 சேர்ந்த 6 அத்தகையது. ஆறு நாள் படைப்பைப் பற்றி எழுதுகையில் புனித அகுஸ்தினாரும் இதனைச் சுட்டிக்காட்டினார். ஆகவே துறவியொருவர் இதில் மனம் செலுத்தியது நமக்கு வியப்பன்று.

1644-இல் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இத்தனை 2-களைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும். 257 வரை வேறெதற்கும் கிடையாது என்றார். இவற்றுள் பெரியவற்றைச் சோதித்துப் பார்க்க அன்று எவராலும் இயலாது என்பதை அவரும் அறிந்தேயிருந்தார்.

31 சரியென ஆய்லர் 1772-இல் மெய்ப்பித்தார். 1876-இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதர், 39 இலக்கங்கள் கொண்ட 127-ஆம் எண்ணைப் பகா எண்ணென்று காட்டினார். 67 தவறு என்றும் கண்டார். விந்தை என்னவெனில், அந்த எண் பிளவுபடும் என்று தெரிந்தது. எங்கே பிளவுபடும் என்று தெரியவில்லை! இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1903 அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதற்கு விடை தந்தார். அவர் வாய் திறவாமல் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டதாகப் பின்னர்க் கூறினார் என்றும் ஈ. டி. பெல் எழுதியுள்ளார். பெல் கதையைச் சுவைபடச் சொல்பவர்; ஆயினும் அந்தப் பெருக்கலை யாரும் சரிபார்க்கலாம். விடை: 147573952589676412927.

257-உம் பிழையென்று பின்னர்த் தெரிந்தது. அவர் விட்டுவிட்ட எண்கள் மூன்று: 61, 89, 107. இவற்றுள் 61-ஐ 1883-இல் கண்டவர் இவான் பெர்வூஷின் என்னும் உருசிய மரபுவழித் திருச்சபைக் குரு.

பதினொன்றில் இரண்டு பிழை, மூன்று விடுபாடு. அப்படியிருந்தும் இவ்வெண்கள் இன்றளவும் மெர்சென் பெயராலேயே வழங்குகின்றன. அது நியாயமே என்று நாம் கருதுகிறோம்; அவர் துணிந்து கூறியிராவிடில் மறுப்பதற்கும் எவரும் முனைந்திருக்கமாட்டார். 2024-இல் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண் 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதன் இலக்கங்கள் நான்கு கோடிக்கும் மேல். இவ்வரிசை முடிவுறுமா, முடிவற்று நீளுமா என்பதை இன்னும் எவரும் மெய்ப்பிக்கவில்லை.