'சேம்' என்னும் சொல்லின் உறவினர்

ஆங்கிலம் பயிலத் தொடங்குவோர் முதலிலேயே அறியும் சிறு சொற்களுள் 'சேம்' என்பது ஒன்று. அதற்கு இரு பொருள் உண்டு. ஒரே கிணற்று நீரைப் பருகும் இருவரைக் கூறும்போதும், ஒரே வகை ஆடை உடுத்திய இருவரைக் கூறும்போதும் ஆங்கிலேயர் இச்சொல்லையே ஆளுவர். ஆயினும் கிணறு ஒன்று, ஆடைகள் இரண்டு. ஒன்றாயிருத்தல் வேறு, ஒத்திருத்தல் வேறு. சொற்களின் உறவை ஆராயும்போதும் இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பழைய ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வேறொரு சொல் வழங்கியது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்கள் கொணர்ந்த 'சேம்', 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. நாளடைவில் பழஞ்சொல் ஒதுங்கிற்று. குடியேறியோர் சொல்லே வீட்டுச் சொல்லாயிற்று!

இச்சொல்லுக்கு வடமொழியின் 'சம' என்பதும், கிரேக்கத்தின் 'ஹோமோஸ்' என்பதும் உடன்பிறந்த சொற்கள். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு மூலத்தினின்றும் தோன்றியிருத்தல் வேண்டுமென்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் உரைத்தார்.

அங்ஙனமாயின் நம் 'சமம்' ஆங்கிலச் சொல்லுக்கு உறவாகுமோ? சொல் உறவே, ஆனால் அது தமிழிற் பிறந்ததன்று, வடமொழியினின்று வந்து கலந்தது. சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் 1816இல், தென்னாட்டு மொழிகள் வடமொழியிற் பிறவாத தனிக்குடும்பம் என்பதைச் சான்று காட்டி விளக்கினார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அதனை விரிவாக நிலைநாட்டிற்று.

தமிழுக்கே உரியது 'அதே' என்பது. 'அது' என்னும் சுட்டுப்பெயர் ஏகாரம் ஏற்று நிற்பது. பெங்களூரில் கன்னடரும், ஐதராபாத்தில் தெலுங்கரும் 'அதே' எனக் கூறக் கேட்கின்றோம். அவர்கள் நம்மிடம் கடன் வாங்கியதன்று. அவரவர் மொழியின் சுட்டுப்பெயரும் ஏகாரமும் கூடிப் பிறந்தது. ஒரு தாய் வயிற்று மக்களின் முகச்சாயல் அது. தில்லியில் 'சமான்' என்னும் சொல் நம் செவிக்குப் பழகியதாய் ஒலிப்பதோ வேறு காரணத்தால். வடமொழியினின்று நாமும் பெற்றோம், அவர்களும் பெற்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வறிவு பயன் தருவது. ஒலி ஒத்ததைக் கண்டு எல்லாம் தமிழே என மகிழ்தலும் பிழை; கடன்பெற்ற சொல்லுக்கு நாணுதலும் பிழை. ஒன்று குடும்ப உறவு. மற்றொன்று நெடுநாள் பழகிய அயலார் நட்பு. இரண்டையும் பிரித்தறிந்து போற்றுவோமாக.