கணினிக் கடிகாரத்துள் சென்னை நேரம்: மிகைநொடிச் சோதனை குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

2017 சனவரி 1 அன்று இந்திய நேரம் காலை 5:29:59-ஐ அடுத்து 5:30 பிறக்கவில்லை. இடையே 5:29:60 என்றொரு நொடி வந்தது. புவிச் சுழற்சியின் ஒழுங்கின்மையை ஈடுசெய்ய 1972 முதல் சேர்க்கப்பட்ட 27 மிகைநொடிகளுள் இறுதியானது இதுவே. பெரும்பாலான கணினிகள் ஒரு நாளை 86,400 நொடிகளாகவே எண்ணுவதால், இந்நொடிக்கு அவற்றில் தனி எண் இல்லை. கடிகாரம் முந்தைய நொடியை மீளச் சொல்லலாம், நிற்கலாம், அன்றி, அந்நொடியைப் பல மணி நேரத்திற்குச் சிறிது சிறிதாகப் பரப்பிக் கரைக்கலாம். 2012 சூலை 1 அன்று லினக்ஸ் வழங்கிகள் பல திணறின. எனவே, பொய்யான மிகைநொடி அறிவிப்பைத் தரும் நேர வழங்கியை அமைத்து முன்கூட்டியே சோதிப்பது வழக்கமாயிற்று.

இத்தகைய சோதனையைப் பின்னோக்கியும் நிகழ்த்தலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கணினியில் 'ஆசியா/கொல்கத்தா' மண்டலத்தைத் தெரிந்து, 1905 டிசம்பர் 31-இன் நேர வேறுபாட்டைக் கேட்டால், 5:30 என்று அது விடையிறுப்பதில்லை, 5:21:10 என்கிறது. இது சென்னை நேரம். 1802-இல் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் கணித்த தீர்க்கரேகை 80 பாகை 18 கலை 30 விகலை. அதன்படி வேறுபாடு 5:21:14 ஆதல் வேண்டும். எஞ்சும் நான்கு நொடி தீர்க்கரேகையில் ஒரு கலை. சென்னையின் தரையில் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். மிகைநொடிக்கு அஞ்சுவோர் இதனைப் புறக்கணித்தல் முறையன்று.

நொடிகளினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இத்தரவுத்தளம் 1870 முதல் 1905 வரை நாடு முழுமைக்கும் சென்னை நேரத்தையே கொள்கிறது. இருப்புப்பாதைக்கு அது பொருந்தும். 1948 வரை தனக்கெனத் தனி நேரம் வைத்திருந்த கல்கத்தா நகருக்குப் பொருந்தாது. கிளியூர் அருவி வீழும் சேர்வராயன் மலையிலோ, தீர்க்கரேகை சுமார் 78.2 பாகையாதலின், சூரிய நேரம் சென்னை நேரத்திற்கு எட்டு நிமிடத்திற்குச் சற்று மேலும், இன்றைய இந்திய நேரத்திற்குப் பதினேழு நிமிடமும் பிந்துகிறது. ஆகவே, பழைய ஆவணங்களை மின்பதிப்பாக்குவோர் மூலத்தில் உள்ள மணியை மாற்றாது பதிந்து, அது எந்தக் கடிகாரத்தின் மணி என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.