சாரலை விட்டுப் போன துரைமார்

குற்றாலம் என்றதும் இலக்கிய வாசகருக்குத் திரிகூடராசப்பக் கவிராயரும் ரசிகமணி டி.கே.சி.யும் நினைவுக்கு வருவார்கள். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் அருவிக்கரை வெள்ளைக்காரர்களின் ஓய்வுத்தலமாக விளங்கியது. அந்த அத்தியாயத்தை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே தோட்டங்கள் அமைத்துச் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டது. 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து மலைச் செடிகொடிகளைச் சேகரித்தார். சாரல் தொடங்கியதும் நெல்லைச் சீமையின் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து பங்களாக்களில் தங்கினர். அருவியில் குளிப்பதை அவர்களும் மருந்தாகவே கருதினர். அதில் மட்டும் நம்மவர்களோடு கருத்து வேற்றுமை இல்லை.

அந்தச் செல்வாக்கு ஏன் சரிந்தது? உயரம் போதாது என்பது வழக்கமான விடை. குற்றாலம் ஏறத்தாழ 550 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலோ 7,000 அடி. ஆயினும் உயரத்தைவிடப் பருவமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றாலத்தின் குளிர்ச்சி ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று தருவது. அது ஜூனில்தான் வரும். துரைமாரை வாட்டியது ஏப்ரல், மே மாத வெயில். அக்கினி நட்சத்திரத்தில் அருவி நூலாய் இளைத்து, பாறை அனல் கக்கும். அப்போது குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் பெரிய வேறுபாடில்லை.

அந்த இரண்டு மாதங்களுக்கு விடை மலையுச்சியில் கிடைத்தது. 1820களில் ஜான் சல்லிவன் உதகையில் ஏரி அமைத்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினர். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்து அங்கும் ஓர் ஏரியை உண்டாக்கினார். படகும் கரையோர உலாவும் சேர்ந்தால் சீமையில் இருப்பது போன்ற மயக்கம் கிட்டும். தலைமேல் விழுகின்ற அருவி அதைத் தராது.

மிச்சத்தை ரயில் செய்தது. 1876இல் தூத்துக்குடிவரை பாதை நீண்டபின், தெற்கேயிருந்து கொடைமலை அடிவாரத்தை அடைவது எளிதாயிற்று. தென்காசிக்கு ரயில் வந்தது 1903இல். அதற்குள் வழக்கம் மாறிவிட்டிருந்தது. நெல்லைச் சீமையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல்கூடத் தம் இறுதி நாள்களைக் கொடைக்கானலில்தான் கழித்தார். 1891இல் அங்கேயே காலமானார். உடல் மட்டும் இடையன்குடிக்குத் திரும்பியது.

இதைக் குற்றாலத்தின் வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பங்களாக்களின் பெருமைதான் குறைந்தது. குற்றாலநாதரைக் கும்பிட வந்தவர்களும் சாரலில் நனைய வந்தவர்களும் முன்போலவே வந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் டி.கே.சி. இங்கேயே குடியிருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். கம்பரும் கவிராயரும் அங்கே நாள்தோறும் பேச்சில் வந்தார்கள். 1954இல் அவர் மறைந்ததும் குற்றாலத்தில்தான்.