போன் வீடியோவும் டிவிடியும்: ஒரு தீவுக் கணக்கு

இறுப்பிட்டி புங்குடுதீவில் இருக்கிற ஒரு ஊர். 1991இல் இராணுவம் தீவுக்குள் வந்தபோது சனம் கூட்டமாக வெளிக்கிட்டது. பிறகு பலர் சுவிஸ், பிரான்ஸ், இலண்டன், கனடா எண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஒரு குடும்பத்தின் ஆட்கள் நாலு நாட்டில் இருப்பது இங்கே புதினம் இல்லை. அதனால்தான் எங்கட ஊர்களில் வீடியோ எண்டது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கலியாணவீட்டுக்கோ செத்தவீட்டுக்கோ வரமுடியாத சொந்தத்துக்கு அனுப்புகிற கடிதம் அது.

அந்தக் கடிதம் முதலில் விஎச்எஸ் கசற்றில் போனது, பிறகு விசிடியில் போனது. டிவிடி 1996இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. பிந்தி, கமரா போன் எல்லார் கைக்கும் வந்தபோது வீடியோக்காரர் இல்லாமலே படம் எடுக்கலாம் எண்டாகியது. 2009இல் போர் முடிந்து, ஊர் பார்க்க வந்த ஆட்கள் கோயிலையும் கிணற்றையும் இடிந்த வீட்டையும் போனில் எடுத்தார்கள். கொம்பியூட்டர் பழக்கமில்லாத அம்மம்மாவுக்கு ரிவியில் காட்ட வேணும் எண்டால் அதை டிவிடியில் அடிக்க வேணும். "அண்ணை, படம் கிளியரா வருமோ?" எண்ட கேள்வி அங்கேதான் வந்தது.

அதற்குப் பதில் கணக்கில் இருக்கு. பழைய போன்கள் பல 3ஜிபி பைலாக எடுத்த படம் 176க்கு 144 புள்ளி. எங்கட நாட்டு ரிவி முறையான பால் டிவிடியில் ஒரு படம் 720க்கு 576 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் டிவிடியின் சட்டகம் போன் படத்தைவிடப் பதினாறு மடங்கு பெரிசு. மிச்சப் புள்ளிகளை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்பும். முகம் மங்குவது டிவிடி அடித்தவரின் பிழை இல்லை. போன் பார்க்காததை எந்தத் தட்டும் காட்டாது.

ஆனால் கெடுக்கக்கூடிய இடங்களும் உண்டு. ஒரு சாதாரண தட்டில் 4.7 ஜிபி கொள்ளும். நல்ல தரத்தில் அடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. காசு மிச்சம் எண்டு நாலு மணித்தியாலத்தைத் திணித்தால் ஒரு செக்கனுக்குக் கிடைக்கிற தகவல் கால்வாசிக்குப் போய்விடும். ஆட்கள் அசையும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். போன் செக்கனுக்கு 30 படம் எடுக்க, பால் முறை 25 கேட்கும். மாற்றும்போது நடை தெத்தித் தெத்தி வரும். கனடாவில் என்டிஎஸ்சி முறை. சூரிச்சில் ஓடுகிற தட்டை ரொறன்ரோவில் பல பிளேயர்கள் ஏற்காது. ஒரே ஊர்ச் சனத்துக்கு இரண்டு விதமாக அடிக்க வேண்டியிருந்தது.

பிறகு கணக்குத் தலைகீழானது. இப்ப சாதாரண போனே 1920க்கு 1080 புள்ளி எடுக்கும். அது டிவிடியைவிட ஐந்து மடங்கு. முந்தி டிவிடி படத்துக்குப் பெரிசு, இப்ப சின்னன். அதாவது ஐந்து புள்ளியில் நாலை எறிந்துவிட்டுத்தான் தட்டில் அடிக்கிறோம்.

இதிலிருந்து நாங்கள் எடுக்கிற முடிவு ஒண்டு: டிவிடி தபால்காரன், பெட்டகம் இல்லை. தபால் போய்ச் சேர்ந்தது எண்டு போனில் இருந்த மூலப் பைலை அழிப்பதுதான் பெரிய இழப்பு. வீட்டில் எழுதுகிற தட்டுகளில் தகவலைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதைக் கெடுக்கும். உப்புக்காற்று வீசுகிற தீவு வீட்டின் அலுமாரி அதற்கு ஏற்ற இடமில்லை.

பழைய டிவிடிகள் வீட்டில் கிடந்தால் இப்பவே கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணுங்கோ. பழைய போனின் மெமரி கார்ட் லாச்சிக்குள் இருந்தால் அதை முதலில் பாருங்கோ, மூலம் அதில் இருக்கலாம். பைலை உருமாற்றாமல் அப்படியே இரண்டு இடத்தில், முடிந்தால் இரண்டு நாட்டில் வையுங்கோ. சிதறிப்போன சனத்துக்கு அது ஒண்டுதான் லேசு. யார், எந்த வளவு, எந்த வருசம் எண்டு பைலின் பெயரிலேயே எழுதுங்கோ. அதைச் சொல்லக்கூடிய அம்மம்மாமார் இருக்கேக்கையே கேட்டு எழுதுங்கோ.