சீனக்குடா மாவும் கொள்வோனின் தெரிவும்

கொள்வோன் தன் தேவையை உணர்ந்து, கிடைக்கும் பொருட்களை ஒப்பிட்டு, அதன் பின்னரே பணப்பையைத் திறக்கிறான் என்று சந்தைப்படுத்தல் நூல்கள் கூறும். பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகிய நான்கும் பொருந்தி வந்தால் விற்பனை நிகழும் என்பது அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்த சூத்திரம். ஈழத்து அடுக்களைக்குள் கோதுமை மா புகுந்த வரலாற்றை இதனோடு வைத்துப் பார்த்தால், நூல்கள் சொல்லாத சிலவும் புலப்படுகின்றன.

கோதுமை இலங்கையின் பயிரன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கானது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. அன்று அதை எவரும் தெரிந்து வாங்கவில்லை. கூப்பனுக்குக் கிடைத்ததை வாங்கினார்கள்.

போர் முடிந்தும் மா போகவில்லை. 'அமெரிக்கன் மா' என்றே நம்மவர் அதற்குப் பெயரிட்டனர். அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்கும் வேலை இதற்கில்லை. பேக்கரிப் பாணுக்கோ அடுப்பே வேண்டாம். விலை என்பது காசு மட்டுமன்று, உழைப்பும் நேரமும் அதில் அடங்கும் என்பதை நம் பெண்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர். கோதுமை மாவை அவித்து, அரித்து, புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பழக்கியவர்களும் அவர்களே. அந்நியப் பொருளை நம்முடையதாக்கியது விளம்பரமன்று, இந்தக் கைப்பக்குவமே.

உணவின் விலை அரசுகளையும் ஆட்டிவைத்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. எழுபதுகளில் விடியுமுன்பே பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் சீனக்குடாவில் அமைத்த மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. பெருங்கப்பல்கள் அணையக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் ஆதலால், தானியத்தை ஆலையின் வாசலிலேயே இறக்க முடிந்தது. மெக்கார்த்தி 'இடம்' என்று சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. அரசு கோதுமையைக் கொடுக்கும், ஆலை அரைத்து மாவாகத் திருப்பித் தரும் என்பதே தொடக்ககால ஏற்பாடு. 2001இல் ஆலை அந்நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 2008இல் கொழும்புத் துறைமுகத்தில் செரண்டிப் மா ஆலை போட்டிக்கு வந்தது. கடைக்காரர் முன்னே இப்போது இரண்டு பெயர்கள். ஆனால் இரண்டு மூட்டைகளிலும் இருந்தது கடல் கடந்து வந்த அதே தானியம். இரண்டு வணிகப் பெயர்களுக்கிடையே தெரிவது வேறு, இரண்டு உணவுகளுக்கிடையே தெரிவது வேறு.

இந்த வேறுபாட்டின் விலையை 2022 காட்டியது. டொலர் கையிருப்பு வற்றியது. உக்ரைன் போர் உலகக் கோதுமைச் சந்தையைக் குலைத்தது. மாவும் பாணும் எட்டாத விலைக்கு ஏறின. மாற்றாக அரிசிக்குத் திரும்பலாம் என்றால், 2021இன் இரசாயன உரத்தடையால் நெல் விளைச்சலும் வீழ்ந்திருந்தது. பல வீடுகளில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று.

நூல்கள் வரையும் கொள்வோன், பல பொருட்களின் முன் நின்று சுதந்திரமாக யோசிப்பவன். நம் கொள்வோனுக்கு முதலில் போர் தெரிந்து கொடுத்தது, பிறகு கூப்பன், பிறகு துறைமுகம், முடிவில் பழக்கம். பழக்கம் ஏறிவிட்டால் அதையே தன் விருப்பமென்று மனிதன் எண்ணிக்கொள்கிறான். குரக்கனும் ஒடியல் மாவும் நம் அடுக்களையிலிருந்து ஒதுங்கியது சுவை குறைந்ததால் மட்டுமன்று. அவற்றுக்குக் கப்பலும் இல்லை, ஆலையும் இல்லை, மானியமும் இல்லை.