பாலங்களில் துருப்பிடிக்காத எஃகு

குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு, துருப்பிடிக்காத எஃகு எனப்படும். வீட்டில் புழங்கும் எவர்சில்வரும் இந்த வகையைச் சேர்ந்ததே. குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மீண்டும் உருவாகிவிடும்.

கடலோரப் பாலங்களின் பெரும்பகை உப்பு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் சாதாரணக் கம்பியை அரிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே விம்மி வெடித்துப் பெயர்ந்து விழுகிறது.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைக் குறைக்க ஆய்வு செய்தபோது துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். கடல்சார் கட்டுமானத்தில் இதன் ஆற்றலுக்கு முதன்மையான சான்று மெக்சிகோவின் யுகடான் கடற்கரையிலுள்ள புரோகிரெசோ துறைமுகப் பாலம். வளைவு வளைவாகச் சுமார் 2 கி.மீ. நீளும் இது, துருப்பிடிக்காத கம்பிகளைக் கொண்டு 1937-க்கும் 1941-க்கும் இடையே கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்துச் சாதாரணக் கம்பியால் அதன் அருகே எழுப்பப்பட்ட பாலம் இடிந்து, கடலில் தூண்களின் அடிக்கட்டைகளே எஞ்சின. பழைய பாலமோ நிலைத்து நின்றது.

துருப்பிடிக்காத எஃகிலேயே டூப்ளெக்ஸ் எனப்படும் வகை, வழக்கமான வகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வலிமை கொண்டது. இதனால் பாலத்தின் உடலையே இந்த எஃகில் அமைக்க முடிந்தது. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் கடலுப்பால் சிதைந்த கான்கிரீட் பாலத்தை அகற்றிவிட்டு, 2005-இல் காலா கல்தானா வளைவுப் பாலத்தை டூப்ளெக்ஸ் எஃகில் கட்டினர். 1,018 மீட்டர் நடுக்கண் கொண்ட ஹாங்காங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் பாலத்தில் (2009) கோபுரங்களின் மேற்பகுதிக்கு இந்த எஃகே மேலுறை. சிங்கப்பூரின் ஹீலிக்ஸ் நடைபாலமும் (2010) டூப்ளெக்ஸ் எஃகால் ஆனது.

தமிழ்நாட்டில், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பிகளும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

துருப்பிடிக்காத கம்பியின் விலை சாதாரணக் கம்பியைப்போல் பல மடங்கு. எனவே அலை மோதும் தூண்பகுதி, கான்கிரீட்டின் வெளியடுக்குக் கம்பிகள் என உப்பு எளிதில் எட்டும் இடங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதும் உண்டு. நூறாண்டு நிற்க வேண்டிய பாலத்துக்குக் கட்டும் செலவை மட்டும் கணக்கிடுவது போதாது. பழுதுபார்ப்பையும் போக்குவரத்து முடக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகே பல நேரங்களில் சிக்கனமான தேர்வு.