போலி எனப் பெயர் பெற்ற தாய்



எங்கள் தெலுக் இந்தானுக்கு 1982-ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என்பதே பெயர். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் 'ஆன்சன்' என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குப் பெயர் மாறியது ஒரு முறை. என் பெரியப்பாவின் உயிரைக் கொண்டுபோன கிருமிக்கோ பேரினப் பெயரே ஆறேழு முறை மாறியிருக்கிறது.

பெரியப்பா செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் வெட்டியவர், இனிப்புநீர் உள்ளவர். காய்ச்சலும் இருமலும் நீடித்தபோது, நெஞ்சுப் படத்தைப் பார்த்துக் காசநோய் என மருந்து கொடுத்தார்கள். வாரங்கள் சென்று, வேறோரிடத்தில் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்த பிறகே அது மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெயரின் பின்னே போன தேடல்தான் இக்கட்டுரை.

இந்நோயை முதன்முதலில் இனங்கண்டவர்கள் இருவர். 1911-ஆம் ஆண்டில் இரங்கூன் மருத்துவமனையில் நோய்க்கூற்று அறிஞராக இருந்த ஆல்பிரட் விட்மோர் ஒருவர். அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமி மற்றவர். (பாடநூல்கள் விட்மோரோடு நின்றுவிடுகின்றன. 1912-இல் வெளியான கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன.) இறந்தோரின் உடலில் அவர்கள் கண்ட கிருமி, குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியாகிய மல்லெய்யைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆனால் இது நீந்தியது, மல்லெய் நீந்தாது. வளர்ப்பூடகத்திலும் இது விரைந்து வளர்ந்தது. எனவே 'போலி மல்லெய்' எனப் பொருள்படும் சூடோமல்லெய் என்ற பெயரை விட்மோர் சூட்டினார்.

1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வுக்கூட விலங்குகளிடையே இதே நோய் பரவியது. அங்குப் பணியாற்றிய ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921-இல் மெலியோய்டோசிஸ் என்ற நோய்ப்பெயரை உருவாக்கினார்கள். உலகம் இன்று சொல்லும் அந்தப் பெயர் நம் நாட்டில் பிறந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

அதன் பிறகு பெயர்க் குழப்பம். பசில்லஸ், மல்லியோமைசஸ், சூடோமோனாஸ் என்று ஒவ்வோர் அறிஞரும் ஒவ்வொரு பேரினத்தில் சேர்த்தனர். வடிவம், வளரும் விதம், எந்தச் சர்க்கரையைச் செரிக்கிறது என்பன மட்டுமே அவர்களிடம் இருந்த அளவுகோல்கள். முகச்சாயலை வைத்து உறவு சொல்வதைப் போன்றது அது.

மரபணு எழுத்துகளைப் படிக்க முடிந்தபோது நிலைமை மாறியது. தமிழாசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தாரல்லவா? எழுதுவோர் செய்த பிழை அடுத்த படிக்கும் போகும். ஆகவே ஒரே பிழையைக் கொண்ட சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். பாக்டீரியாவுக்கும் அப்படித்தான். புரதம் செய்யும் ரைபோசோம் எல்லாப் பாக்டீரியாக்களிலும் உண்டு. அதன் ஒரு பகுதிக்குரிய, ஏறத்தாழ 1500 எழுத்துகள் கொண்ட 16எஸ் என்னும் மரபணு மிக மெதுவாகவே மாறும். அந்த மாற்றங்களை ஒப்பிட்டால் கிளைவழி தெரியும். காரல் வோஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களில் திறந்த வழி இது. 1992-இல் ஜப்பானிய அறிஞர் யாபூச்சியின் குழுவினர் இத்தகைய சான்றுகளைக் கொண்டு ஏழு சிற்றினங்களைச் சூடோமோனாசிலிருந்து பிரித்துப் புதுப் பேரினத்தில் வைத்தனர். வெங்காய அழுகலை ஆராய்ந்த பர்க்ஹோல்டரின் நினைவாக அதற்குப் பர்க்ஹோல்டேரியா என்று பெயர்.

எனினும், சூடோமல்லெய்யையும் மல்லெய்யையும் பிரிக்க 16எஸ் போதவில்லை. இரண்டும் அந்த மரபணுவில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 2003-இல் ஏழு மரபணுக்களைச் சேர்த்து ஒப்பிட்டனர். விடை வியப்பளித்தது. சூடோமல்லெய் பல கிளைகளாக விரிந்திருந்தது. மல்லெய் முழுவதும் அவற்றுள் ஒரு சிறு கொப்பாக அடங்கிவிட்டது. 2004-இல் இரண்டின் முழு மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. சூடோமல்லெய்யில் ஏறத்தாழ 72 இலட்சம் எழுத்துகள்; மல்லெய்யில் 58 இலட்சம்.

அதாவது மல்லெய், ஏடுகள் உதிர்ந்த படி. மண்ணிலும் நீரிலும் தனித்து வாழ வல்ல தாயிடமிருந்து பிரிந்து, விலங்கின் உடலுக்குள் ஒதுங்கியபின் தேவையற்ற மரபணுக்களை இழந்திருக்கிறது. நீந்தும் ஆற்றலும் போயிற்று. 'போலி' என்று நாம் பெயரிட்டது தாய். 'அசல்' என எண்ணியது பிள்ளை! வேறு வேறு நோய்களைத் தருவதால் இரண்டையும் தனிச் சிற்றினங்களாகவே இன்றும் வைத்திருக்கிறார்கள். மரபுவழியை மட்டும் பார்த்தால் அந்தப் பிரிவு நியாயமில்லை என்பது என் எண்ணம்.

பெயர் சரியாகத் தெரிவது வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. பென்சிலின், ஜெண்டமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இக்கிருமி பொதுவாகக் கட்டுப்படுவதில்லை. செப்டாசிடிம் போன்றவற்றை ஊசிவழி ஏற்றி, பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை தரவேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதை வேறொரு பாக்டீரியா எனத் தவறாகக் கணிப்பதும் உண்டு. அத்தகைய வேளையில் மரபணுச் சோதனை ஐயத்தைத் தீர்க்கும்.

இனிப்புநீர் உள்ளவர்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், காலுறைக் காலணி அணியச் சொல்லுங்கள். காய்ச்சல் நீடித்தால், சேற்றில் இறங்கியதையும் இனிப்புநீர் இருப்பதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.